உழவர் ஒருவரின் பிறந்தநாள்

பிறந்தநாள் என்பது புகழ் பெற்றவர்களுக்கே உரியது என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். கவிஞர் பிறந்தநாளில் கவியரங்கம் கூட்டுகிறோம். தலைவர் பிறந்தநாளில் மாலை சூட்டுகிறோம். அறிஞர் ஒருவரின் நூற்றாண்டு வந்தால் சிறப்புமலர் வெளியிடுகிறோம். இவையெல்லாம் வேண்டியவையே. ஆனால் அக்கவியரங்கின் முடிவில் பரிமாறப்படும் சோற்றை விளைத்தவருக்கும் பிறந்தநாள் என ஒன்று உண்டு என்பதை நாம் நினைப்பதில்லை. அவரும் நினைப்பதில்லை.

அத்தகைய ஒருவரைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். அவர் என் கணவர். என் இரு பிள்ளைகளின் தந்தை. அறுபதைக் கடந்த பின்னும் விடியுமுன் மண்வெட்டியைத் தோளிலேற்றிக்கொண்டு வயலுக்குப் போகிறவர். மனைவி தன் கணவரைப் பற்றிப் பத்திரிகையில் எழுதலாமா என்று சிலர் வினவக்கூடும். அவர் மறைந்த பின் எழுதினால் அதனை இரங்கற் கட்டுரை என்று ஏற்றுக்கொள்வார்கள். இருக்கும்போதே எழுதினால் என்ன என்பதே என் கேள்வி. அவருக்குப் பெருமை தேடுவது மட்டும் என் நோக்கமன்று. வகுப்பறையில் உழவைப் போற்றும் நாம் உழவரை எந்த இடத்தில் வைத்திருக்கிறோம் என்பதையும் இந்நாளில் சிந்திக்க வேண்டும் என்பதே என் ஆசை.

எண்ணுக்குள் இருந்த நாள்

எங்கள் குடும்பங்களில் பிறந்தநாள் கொண்டாடும் வழக்கம் பெரிதும் இல்லை. என் கணவரின் பிறப்புச் சான்றிதழ் தகரப் பெட்டியின் அடியில் பல்லாண்டுகள் உறங்கிக் கிடந்தது. அவருடைய பிறந்தநாளைக் கண்டுபிடித்து வெளியே கொணர்ந்தவள் எங்கள் மகள். அதற்கு அவளுக்கு உதவியது தேசிய அடையாள அட்டை.

இலங்கையில் 1972 முதல் வழங்கப்பட்டு வந்த பழைய அடையாள அட்டையின் எண் ஒன்பது இலக்கங்கள் கொண்டது. முதல் இரண்டும் பிறந்த ஆண்டைக் குறிப்பன. அடுத்த மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாவது நாளில் அவர் பிறந்தார் என்பதைக் குறிப்பன. பெண்களாயின் அந்நாளுடன் ஐந்நூறு கூட்டப்பட்டிருக்கும். 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க எண்ணில் பிறந்த ஆண்டு முழுமையாக வருகிறது. பாடசாலையில் இந்த நுட்பத்தைக் கற்றுக்கொண்டு வந்த மகள், தந்தையின் அட்டையை வாங்கிப் பார்த்தாள். நடுவில் 043 என்று இருந்தது. ஜனவரிக்குரிய முப்பத்தொன்றைக் கழித்தாள், பன்னிரண்டு மிஞ்சிற்று.

“வாப்பா, நீங்கள் பிறந்தது பெப்ரவரி பன்னிரண்டாம் திகதி!” என்று கூவினாள்.

அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, “அப்படியா? கராம்பு பறிக்கிற காலமாயிற்றே!” என்றார்.

அந்த ஒரு சொல்லில் அவருடைய நாட்காட்டி முழுவதும் அடங்கியிருந்தது. மற்றவர்களுக்கு ஜனவரி, பெப்ரவரி என்று மாதங்கள் வருகின்றன. அவருக்கோ பெரும்போக விதைப்பு, களை, கராம்பு, அறுவடை, சிறுபோக உழவு என்று ஆண்டு புரள்கிறது. அந்த வரிசையில் தமக்கென்று ஒரு நாளை ஒதுக்க அவருக்கு இடம் கிடைத்ததே இல்லை.

மலைவாயில் ஊர்

கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை வழியாகக் குருநாகலுக்குச் செல்லும் சாலையில், மலைநாடு முடிந்து சமவெளி தொடங்கும் விளிம்பில் இருக்கிறது எங்கள் கலகெதர. 1815 இல் வீழ்ச்சியுறும்வரை கண்டி இராச்சியத்தைக் காத்து நின்ற மலைவாயில்களுள் கலகெதரக் கணவாயும் ஒன்று. இன்று பேருந்தில் வளைந்து வளைந்து இறங்குவோர் அதனை அறியார். அவர்கள் கண்ணுக்குத் தெரிவன மிளகுக் கொடி படர்ந்த மரங்களும், அவற்றுக்கிடையே படிப்படியாகக் கீழிறங்கும் வயல்களுமே.

இந்தப் படிவயல்கள் நேற்று வந்தவை அல்ல. 1660 இல் கண்டி மன்னனிடம் சிறைப்பட்டு, 1679 இல் தப்பிச் சென்ற ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1681 இல் வெளியிட்ட தம் நூலில், மலைச்சரிவைப் படிகளாக வெட்டி மேலிருந்து நீரை இறக்கி நெல் விளைக்கும் இந்நாட்டு முறையை வியப்புடன் விவரித்திருக்கிறார். ஒரு வரம்பு உடைந்தால் அதன் கீழுள்ள வரம்புகள் அத்தனைக்கும் ஆபத்து. ஆகவே மலைநாட்டு உழவர் தம் வயலை மட்டும் காத்தால் போதாது. தமக்குக் கீழே இருப்பவரின் வயலையும் காக்க வேண்டும். மழை கொட்டும் நள்ளிரவில் என் கணவர் விளக்கை எடுத்துக்கொண்டு வரம்பைப் பார்க்கப் போவது நம் நெல்லுக்காக மட்டுமன்று. கீழ்வயலில் பாடுபடும் சிங்கள அயலவரின் நெல்லுக்காகவுந்தான். அவரும் எத்தனையோ இரவுகளில் எங்கள் வாய்க்காலைத் திருத்திவிட்டு, மறுநாட் காலையில் அதைப்பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் போயிருக்கிறார்.

கலகெதர முஸ்லிம்கள் என்றதும் பலர் கடைத்தெருவையே நினைப்பர். மடிகே என்ற பெயர் எங்கள் ஊரில் இன்றும் வழங்குகிறது. கண்டி மன்னர் காலத்தில் பொதிமாடுகளைக் கொண்டு அரச போக்குவரத்தை நடத்திய பிரிவுக்கு மடிகே என்று பெயர். அதில் பணிபுரிந்தோரில் முஸ்லிம்கள் பலர். பாக்கும் மிளகும் நெல்லும் மலையிலிருந்து இறங்கின. உப்பும் கருவாடும் துணியும் மலை ஏறின. மன்னருக்குரிய ஊழிய முறையான இராஜகாரியம் 1832 இல் ஒழிக்கப்பட்டது. சாலைகள் வந்தன, 1867 இல் கண்டிக்குப் புகைவண்டியும் வந்தது. பொதிமாடுகளின் காலம் முடிந்தது. மாட்டை ஓட்டியவர்களின் வழிவந்தோரில் சிலர் கடை வைத்தனர். சிலர் மண்ணில் இறங்கினர். மண்ணில் இறங்கியவர்களின் கதையை எழுதியவர் குறைவு.

என் மாமனார் அத்தகையவர். பிறருடைய வயலை அந்தே முறையில் செய்தவர். விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு, பாதி உழைத்தவருக்கு என்பது அன்றைய வழமை. 1958 இல் வந்த நெற்காணிச் சட்டம், ஏக்கருக்குப் பன்னிரண்டு புசல் அல்லது விளைச்சலில் நாலிலொன்று, இவற்றில் எது குறைவோ அதுவே குத்தகை என்று வரையறுத்தது. சட்டம் ஏட்டில் வந்த வேகத்தில் எல்லா வயல்களுக்கும் வந்துவிடவில்லை. ஆயினும் தம் உழைப்புக்கு உரிமை என்று ஒன்று உண்டு என்பதை அந்தச் சட்டமே தமக்குச் சொல்லிற்று என்று மாமனார் முதுமையிலும் நினைவுகூர்வார். அவர் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய ஒன்றரை ஏக்கர் மேட்டு நிலமும் கொஞ்சம் வயலுமே என் கணவர் பெற்ற முதுசம்.

அறிந்தவர் யார்?

அந்த ஒன்றரை ஏக்கரை அந்நியர் பார்த்தால் காடு என்பர். உயரத்தில் தென்னையும் கித்துலும் கமுகும். அவற்றின் கீழ்ப் பலாவும் ஈரப்பலாவும் கராம்பும் சாதிக்காயும். அவற்றைப் பற்றிய மிளகுக் கொடிகள். இன்னும் கீழே கோப்பியும் வாழையும். நிலத்தோடு நிலமாக இஞ்சியும் மஞ்சளும் கிழங்குகளும். சூரியன் மேலிருந்து கீழே வருவதற்குள் ஒவ்வொரு மரமும் தனக்குரிய பங்கை எடுத்துக்கொள்கிறது. விழும் இலை மண்ணை மூடுகிறது. வேர்கள் சரிவைப் பிடித்துக்கொள்கின்றன.

எங்கள் மகள் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடத்தில் சேர்ந்த முதலாண்டில் ஒருநாள் வீட்டுக்கு வந்து, “வாப்பா, இன்றைய விரிவுரை முழுவதும் நம் தோட்டத்தைப் பற்றித்தான்!” என்றாள். கண்டிய வீட்டுத் தோட்டம் என்பது மரப்பயிர்ச் செய்கை ஆய்வாளர்களிடையே உலகறிந்த ஓர் எடுத்துக்காட்டு. மண்ணையும் காத்து, வயிற்றையும் நிரப்பி, பணமும் தரும் அமைப்பு என்று அதனை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். மகள் வரைபடத்தை விரித்துக் காட்டினாள். அவர் கூர்ந்து நோக்கிவிட்டு, “கராம்புக்கு இவ்வளவு பக்கத்தில் பலாவை வைத்திருக்கிறார்களே, நிழல் கூடிவிடும்” என்று மட்டும் சொன்னார். மகள் மறுநாள் அதனை விரிவுரையாளரிடம் கேட்டாளாம்.

அவருடைய அறிவு எத்தகையது என்பதற்கு ஒன்றிரண்டு கூறுகிறேன். கராம்பு என்பது மலராத மொட்டு. பச்சை நிறம் மாறி இளஞ்சிவப்பு ஏறும் நாளில் பறிக்க வேண்டும். பூத்துவிட்டால் விலை போயிற்று. ஒரே மரத்தில் எல்லாக் கொத்தும் ஒரே நாளில் பருவம் அடைவதில்லை. ஆகவே மீண்டும் மீண்டும் ஏற வேண்டும். கொத்தைப் பறிக்கும்போது கிளையை முறித்துவிடவும் கூடாது. பறித்ததைப் பாயில் பரப்பி நாலைந்து நாள் வெயிலில் காயவைத்தால் மூன்று கிலோவுக்கு ஒரு கிலோ தேறும். இடையில் ஒரு மழை வந்தால் எல்லோரும் ஓடி வந்து பாயைச் சுருட்ட வேண்டும். எங்கள் பிள்ளைகள் நடக்கக் கற்றதே பாயை நோக்கி ஓடித்தான் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

சாதிக்காயோ அதனினும் பெரிய பொறுமையைக் கேட்பது. விதையிலிருந்து முளைத்த கன்று ஆண் மரமா பெண் மரமா என்பது அது பூக்கும்வரை தெரியாது. அதற்கு ஆறு முதல் எட்டு ஆண்டு செல்லும். அதுவரை தண்ணீரும் பசளையும் நிழலும் தந்து வளர்த்தபின், காய்க்காத ஆண் மரம் என்று தெரிய வந்தால், ஒன்றிரண்டை மகரந்தத்துக்கு விட்டுவிட்டு மற்றவற்றை வெட்ட வேண்டியதுதான். பெண் மரத்திலும் பூ கனியாக ஆறு முதல் ஒன்பது மாதமாகும். இத்தனை ஆண்டு காத்திருந்து ஏமாந்தாலும் மறுபடி அதே குழியில் வேறொரு கன்றை நடுகிறவனை நாம் கல்லாதவன் என்று சொல்லிவிடுகிறோம்.

மிளகையும் கராம்பையும் சாதிக்காயையும் கவனிக்க 1972 இல் அரசு ஒரு திணைக்களத்தை அமைத்தபோது, அதற்கு இட்ட பெயர் சிறு ஏற்றுமதிப் பயிர்கள் திணைக்களம் என்பதாகும். தேயிலை, இறப்பர், தென்னையை நோக்க இவை சிறியவைதாம். பிற்காலத்தில் பெயரிலிருந்து ‘சிறு’ நீங்கிற்று. எங்கள் வீட்டு ஏட்டில் அது என்றுமே இருந்ததில்லை. மகளின் விடுதிக் கட்டணம் மிளகு. மகனின் சப்பாத்தும் புத்தகமும் சாதிக்காய். என் தாயின் கண் சத்திரசிகிச்சை ஓர் ஆண்டின் கராம்பு.

சோதனைக் காலம்

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளையின் இறக்குமதி தடை செய்யப்பட்டது. நவம்பரில் தடை நீங்கிற்று. ஆனால் அதற்குள் பெரும்போக விதைப்பு வந்துவிட்டது. நாற்று அரசாணைக்காகக் காத்திருப்பதில்லை. அவர் மாட்டெருவும் கிளிரிசீடியா இலையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தார். இயற்கைப் பசளைக்கு அவர் எதிரியல்லர். அது மண்ணில் ஊறச் சில ஆண்டுகள் வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அந்தப் பருவத்தில் எங்கள் வயல் தந்தது, வழக்கமான விளைச்சலில் பாதிக்குச் சற்று மேல். அவர் யாரையும் ஏசவில்லை. வித்து நெல்லை முதலில் எடுத்து வைத்தார். மிஞ்சியதையே உணவுக்கு அளந்தார்.

அடுத்த ஆண்டு, 2022 இல், நாடே வரிசையில் நின்றது. எரிவாயுவுக்கு ஒரு வரிசை, எரிபொருளுக்கு ஒரு வரிசை. அந்த மாதங்களில் எங்கள் அடுப்பில் வெந்தவை பலாக்காயும் ஈரப்பலாவும் கிழங்கும். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், பஞ்சம் வந்தால் மக்களைக் காப்பது பலா என்று கண்டு நாடெங்கும் பலாக் கன்று நடும் இயக்கத்தை நடத்தியவர் பாணந்துறை ஆர்தர் வி. தயஸ். அவரைச் சிங்கள மக்கள் ‘கொஸ் மாமா’, அதாவது பலா மாமா, என்று அன்போடு அழைத்தனர். எங்கள் பலாவை நட்டவர் என் மாமனார். அதன் காய்களை அந்நாட்களில் என் கணவர் நகரத்து உறவினருக்கும் அயலவருக்கும் சாக்கில் கட்டி அனுப்பினார். விலை கேட்டவர்களிடம், “நட்டவர் வாங்கவில்லையே, நான் எப்படி வாங்குவது?” என்றார்.

இன்றைய சோதனை குரங்கும் காட்டுப்பன்றியும். 2025 மார்ச் 15 ஆம் நாள் காலை எட்டு மணி முதல் ஐந்து நிமிடத்துக்குப் பயிரழிக்கும் விலங்குகளை எல்லோரும் எண்ண வேண்டும் என்று அரசு அறிவித்தது. நாட்டில் பலர் அதனை நகைத்தனர். என் கணவர் படிவமும் பென்சிலுமாக ஐந்து நிமிடமும் அசையாமல் நின்று எண்ணினார். “ஒன்றும் வரவில்லையே, ஏன் நிற்கிறீர்கள்?” என்றேன். “எண்ணச் சொன்னார்கள், எண்ணுகிறேன். ஒன்றுமில்லை என்பதும் ஒரு கணக்குத்தான்” என்றார். எட்டே காலுக்குக் குரங்குக் கூட்டம் வந்து இளநீர்க் குரும்பைகளை உதிர்த்துவிட்டுப் போயிற்று. படிவத்தை அவர் திருத்தவில்லை.

இடாப்பில் ஒரு வெற்றிடம்

நான் ஆசிரியை. ஆண்டுதோறும் மாணவர் உழவைப் பற்றிக் கட்டுரை எழுதுவதைத் திருத்துகிறேன். திருவள்ளுவர் உழவுக்கென நூற்று நான்காம் அதிகாரத்தை வகுத்தார் என்று எழுதுகிறார்கள். கம்பர் பெயரால் ஏரெழுபது வழங்குகிறது என்று எழுதுகிறார்கள். நாட்டின் முதுகெலும்பு உழவனே என்று முடிக்கிறார்கள். ஆனால் வகுப்பு இடாப்பில் ‘தந்தையின் தொழில்’ என்னும் நிரலில், அதே பிள்ளைகள் ‘வியாபாரம்’ என்றோ ‘சொந்தத் தொழில்’ என்றோ சொல்கிறார்கள். சிலர் பேசாமல் நிற்கிறார்கள். அவர்களுடைய தந்தையரை நான் அறிவேன். காலையில் சேற்றுக்காலுடன் சாலையைக் கடப்பவர்கள் அவர்கள்.

சேற்றைக் கழுவிவிட்டால் உழவன் அரியணைக்கும் தகுதியானவன் என்பது சிங்களப் பழமொழி. நம் தமிழிலோ உழவைப் பற்றிய பெருமொழிகளுக்குக் குறைவில்லை. ஆயினும் ஒரு பிள்ளை தன் தந்தையின் தொழிலைச் சொல்ல நாணுமாயின், அந்தப் பெருமொழிகள் பரீட்சைக்கு மட்டுமே பயன்பட்டன என்றுதான் பொருள். ரே விஜேவர்தன (1924–2010) கேம்பிரிட்ஜில் பொறியியல் கற்றவர், ‘லேண்ட்மாஸ்டர்’ என்னும் இரு சக்கர உழவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் முன்னின்றவர், விமானம் ஓட்டியவர், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக இருந்தவர். அவர் தம்மை உழவர் என்று சொல்லிக்கொள்வதில் பெருமை கொண்டார். இத்தனை பட்டம் பெற்ற ஒருவர் விரும்பி எடுத்துக்கொண்ட பெயரை, அதற்கே உரியவர்களின் பிள்ளைகள் மறைக்கும் நிலை வந்தது எப்படி?

பல்கலைக்கழக விண்ணப்பப் படிவத்தை மகள் நிரப்பியபோது, என் கணவர் அருகில் வந்து, “என் தொழிலுக்கு என்ன எழுதினாய்?” என்று மெல்லக் கேட்டார். “விவசாயம் என்று எழுதினேன், வாப்பா” என்றாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் படிவத்தை வாங்கி, அந்த ஒரு சொல்லை மட்டும் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாயும் கையும்

ஆனால் ஒன்றைச் சொல்லாவிட்டால் இந்தப் பாராட்டு முழுமையாகாது. அவரே தம் பிள்ளைகளிடம் பலமுறை கூறியிருக்கிறார்: “இந்த மண்வெட்டி என்னோடு போகட்டும். நீங்கள் படியுங்கள்.” அவர் அப்படிச் சொல்லக் காரணம் உண்டு. எனக்கு அறுபதில் ஓய்வு. மாதம் பிறந்தால் ஓய்வூதியம். உழவருக்கும் ஓய்வூதியத் திட்டம் ஒன்று 1987 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. எனினும் அவர் ஓய்வெடுக்க, வயலும் தோட்டமும் விடுவதில்லை. விலை ஏறினால் விளைச்சல் இல்லை. விளைச்சல் வந்தால் விலை இல்லை. இந்தப் பாட்டைத் தம் பிள்ளைகள் படவேண்டாம் என்று ஒரு தந்தை நினைப்பது அன்பே.

வாய் இப்படிச் சொல்ல, அவருடைய கை வேறொன்றைச் செய்கிறது. சென்ற மழைக்கு, தம் தந்தையின் மரத்தில் விழுந்த விதைகளை முளைக்க வைத்துப் பன்னிரண்டு சாதிக்கன்றுகளை நட்டிருக்கிறார். அவை காய்ப்பதற்குள் அவர் எழுபதைத் தாண்டிவிடுவார். யாருக்காக என்று கேட்டால், “மண் சும்மா கிடக்கக் கூடாது” என்கிறார். ஐக்கிய நாடுகள் சபை 2019 முதல் 2028 வரையிலான காலத்தைக் குடும்ப விவசாயப் பத்தாண்டாக அறிவித்திருக்கிறது. அப்பெரிய அறிவிப்பின் பொருள், தமக்கு நிழல் தராத கன்றுக்கு ஒரு முதியவர் தண்ணீர் சுமப்பதில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

தம் பிள்ளைகள் உழவராகட்டும் என்று நான் எந்தத் தந்தையையும் வற்புறுத்தவில்லை. எங்கள் பிள்ளைகளும் தாம் விரும்பியதைத் தேர்ந்துகொள்வார்கள். ஆசிரிய நண்பர்களிடம் நான் வேண்டுவது ஒன்றே. உழவைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லும்போது, நூல்களை மூடிவிட்டு, ‘என் தந்தை இன்று என்ன செய்தார்’ என்று எழுதச் சொல்லுங்கள். மாணவச் செல்வங்களே, உங்கள் தந்தையின் பிறந்தநாளை அடையாள அட்டையிலிருந்தாவது கண்டுபிடியுங்கள். அன்று பரிசு வாங்க வேண்டாம். அவருடைய ஒரு மரத்தின் கதையைக் கேளுங்கள்.

சென்ற வாரம் இளையவன் அந்தக் கன்றுகளுக்கு நீர் ஊற்றிக்கொண்டே, “வாப்பா, இவற்றில் எது ஆண், எது பெண் என்று எப்போது தெரியும்?” என்று கேட்டான்.

“ஏழெட்டு வருடமாகும். இருந்து பார்” என்றார் அவர்.

அவரும் இருந்து பார்க்க வேண்டும். அதுவே இப்பிறந்தநாளில் என் வாழ்த்து.